அம்மா சொன்ன பாஸ்வேர்டு

எங்கள் வீட்டு ரவுட்டர் ஹாலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து மாட்டியது என் அண்ணன். அதே சுவரில், கூரை மூலையில் ஒரு கேமராவை மாட்டியதும் அவன்தான். அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் மிச்சச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் ஏணி போட்டு ஏறிவிட்டான். "ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கப் போறீங்க. சேஃப்டி லா," என்றான். அன்றைக்கு எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

வீடு சுங்கை காடுட் பக்கம், செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. பழைய லயங்களை இடித்துவிட்டுத் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. வீடும் அம்மா பேரில், இன்டர்நெட் லைனும் அம்மா பேரில். அம்மாவும் நானும்தான் இருக்கிறோம். அண்ணன் அம்பாங்கானில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். ஆனால் அவன் போனில் ஓர் ஆப் இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டே எங்கள் ஹாலைப் பார்க்கலாம், நாங்கள் பேசுவதைக் கேட்கலாம், இந்த வீட்டில் யார் போனுக்கு நெட் வர வேண்டும், யாருக்கு வரக்கூடாது என்று ஒரு விரலால் முடிவு செய்யலாம்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. அம்மா ஹாலில் உட்கார்ந்து ஒரு துண்டு கூவே பலகாரம் வாயில் போட்டால் போதும், போன் அடிக்கும். "சீனி வியாதிய வெச்சுக்கிட்டு என்னம்மா திங்குறீங்க?" அன்றிலிருந்து அம்மா பலகாரத்தை அடுப்படியில் நின்றுகொண்டே தின்றார். அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஒருநாள் அம்மா மாதா படத்துக்கு முன்னால் வழக்கம்போலச் சத்தமாக ஜெபம் செய்திருக்கிறார். அம்மாவின் ஜெபம் பாதி ஜெபம், பாதி புகார். மாதாவிடம் எல்லாரையும் பற்றிப் பேர் சொல்லிச் சொல்வார். சாயந்திரம் அண்ணன் கூப்பிட்டுக் கேட்டான்: "என் பேரையும் என் பெண்டாட்டி பேரையும் சொல்லி என்னம்மா ஜெபம்?" அதற்குப் பிறகு அம்மா உதட்டை மட்டும் அசைத்தார். சொந்த வீட்டில், சொந்த மாதாவிடம் வாய்விட்டுப் பேச முடியாமல் போயிற்று. அப்போதே அந்தக் கேமராவைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். அம்மாதான் "வேணாம்மா, அவன் கோவிச்சுக்குவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கதைக்கு வருகிறேன். முன்பு நான் சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தேன். அம்மாவின் கால் மோசமாகி, பக்கத்தில் ஆள் இல்லாமல் முடியாது என்றானதும் வேலையை விட்டேன். அப்புறம் வீட்டிலிருந்தே போன் எடுக்கும் வேலை ஒன்று கிடைத்தது. ஹோட்டல் அறை பதிவு செய்தவர்கள், ஏதாவது தவறிப் போனால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் நான். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் திட்டு வாங்குவேன். எல்லா அழைப்பும் நெட் வழியாகத்தான் வரும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது" என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் மாத்திரைக்கும் மணி பார்ப்பேன். எனக்கு அந்த வேலை உயிர். அது இல்லையென்றால் நான் யாரிடமாவது கை நீட்ட வேண்டும். அந்த யாராவது என்பது இரண்டே பேர்தான்: ஒன்று அண்ணன், இன்னொன்று நான் விட்டுவிட்டு வந்த புருஷன்.

புருஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்மேல் கை நீட்டினான், வந்துவிட்டேன். திரும்பிப் போக மாட்டேன் என்று மாதா கோயிலில் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் என் அண்ணனுக்கு அது தீராத அவமானம். சிரம்பானில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது "தங்கச்சி எப்படி?" என்று கேட்டுவிடுகிறார்களாம். அவர்கள் கேட்பது அவனுக்கு வலிக்கிறதாம். வாங்கினது நான், வலி அவனுக்கு!

ஒருநாள் கூப்பிட்டான். "வர்ற ஞாயித்துக்கெழம ஒன் புருஷன் வீட்டுப் பெரியவங்க எங்க வீட்டுக்கு வராங்க. நான் வந்து உன்ன ஏத்திக்கிறேன். பேசி முடிச்சிரலாம்."

"நான் வரலண்ணே."

"வந்துதான் ஆகணும்."

"முடியாது. அங்க திரும்பப் போறதுக்கு நான் என்னா ஆடா மாடா, ஓட்டிக்கிட்டுப் போக?"

"ஓஹோ. கையில ஒரு வேல, வீட்டுல நெட்டு. அதான் இந்தத் திமிரு பேசுது," என்று வைத்துவிட்டான்.

மறுநாள் ஓர் அம்மாள் லங்காவியில் தன் அறையில் ஏர்கான் ஓடவில்லை என்று என்னைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நடுப் பேச்சில் லைன் செத்துப் போனது. ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வைஃபையில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது சுவர் தாண்டிக் கேட்டது. என் கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட் இல்லை. அப்போது போனில் அண்ணனின் செய்தி வந்தது: "இப்ப பேசலாமா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வாயை அடைக்க அவன் வரவேண்டிய அவசியமே இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. கெஞ்சித்தான் திரும்ப வாங்கினேன், மறைப்பானேன். "அண்ணே, வேலண்ணே, ப்ளீஸ்" என்றேன். கொடுத்தான். "ஞாயித்துக்கெழம ரெடியா இரு" என்றான். சாயந்திரம் என் சூப்பர்வைசர் கூப்பிட்டார். நான் இன்னும் சோதனைக் காலத்தில் இருக்கிறேன், வாடிக்கையாளர் பேசும்போது லைன் இன்னொரு தடவை அறுந்தால் வேலை உறுதியாகாது என்று மரியாதையாகச் சொன்னார். நானும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை எனக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரவுட்டரைக் கீழே இறக்கி மேசைமேல் வைத்தேன். பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைக் குத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து கடையில் வாங்கிய மாதிரி ஆகிவிடும் என்று தெரியும். சேஃப்டி பின்னைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, குத்துவதற்கு முன் இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டேன். ஒரு மலாய்க்காரப் பெண் எடுத்தாள். "அக்கா, குத்திராதீங்க," என்று மலாயில் கத்தாத குறை. குத்தினால் லைனுக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்தே அழிந்துபோகும். அதைப் புதிதாக வாங்க மனு கொடுக்க வேண்டும், வேலை நாளில்தான் கிடைக்கும். திங்கள் காலை எனக்கு ஷிப்டு. அதனால் அழிக்காமல் உள்ளே நுழைய வேண்டும். அதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு என்பது வீட்டுக்குள் வர. அட்மின் பாஸ்வேர்டு என்பது வீட்டையே ஆள. அது அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டேன். தப்பு என்றது. அதை மாற்றிவிட்டான். மாற்றிய அன்றைக்கு மார்தட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது: "ஒருத்தனாலயும் ஒடைக்க முடியாது."

அட, என் அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியாதா? அவன் பிறந்த தேதியைப் போட்டேன். தப்பு. அவன் மகன் பிறந்த தேதி. தப்பு. அப்புறம் ஒன்று தோன்றியது, சிரிப்பே வந்துவிட்டது. அப்பாவின் மோட்டர் சைக்கிள் நம்பர்!

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு எல்லாப் பூட்டுக்கும் சாவி அவரவர் வீட்டுப் பழைய மோட்டர் நம்பர்தான். பேங்க் கார்டுக்கு அது, போனுக்கு அது, கேட்டில் தொங்கும் நம்பர் பூட்டுக்கும் அது. எங்கள் அப்பாவின் நம்பரோ ஊருக்கே மனப்பாடம். ஒருதடவை அவர் பாசார் சந்தைக்குப் போகும் வழியில் மோட்டரோடு பெரிய சாக்கடையில் விழுந்துவிட்டார். ஓடிவந்தவர்களில் பாதிப் பேர் "அடி பட்டுச்சா?" என்று கேட்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கே ஊர் மொத்தமும் லாட்டரிக் கடைக்கு ஓடி அந்த நாலு நம்பரை எடுத்தது. அடிக்கவில்லை. ஆனால் அப்பா செத்த பிறகும் அதை வாராவாரம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

போட்டேன். தப்பு! ரவுட்டர் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. நிறையத் தடவை தப்பாகிவிட்டது, கொஞ்ச நேரம் கழித்து வா என்றது. போடா என்று அதையே திட்டினேன். எழுந்து போய் அம்மாவுக்குக் காப்பி கலக்கினேன். கலக்கும்போது அப்பாவின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. லாட்டரிக் கடைக்குப் போகும்போது அண்ணனிடம் அவர் எப்போதும் சொல்வார்: "நேராவும் எடு, திருப்பியும் எடு. ஒண்ணு விட்டா இன்னொண்ணு அடிக்கும்."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நம்பரை நேராக ஒருதடவை, திருப்பி ஒருதடவை சேர்த்து அடித்தேன். கதவு திறந்தது.

ஒருத்தனாலும் உடைக்க முடியாதாம்! தோட்டத்தில் எந்த ஆளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

உள்ளே போய்ப் பார்த்தால் எங்கள் வைஃபையில் வரிசை வீடே குடியிருந்தது. இங்கே அது வழக்கம். விருந்தாளி வந்தால் முன்பு தண்ணீர் கேட்பார், இப்போது பாஸ்வேர்டு கேட்பார். இல்லையென்று சொன்னால் அது கறிவேப்பிலை இல்லையென்று சொன்ன மாதிரி, சண்டைக்குச் சமம். நான் யாரையும் துரத்த விரும்பவில்லை. விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை ஒன்று அதிலேயே இருந்தது. அதைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் அங்கே மாற்றலாம் என்று முடிவு செய்தேன். அங்கே வருகிறவர்கள் நெட்டைப் பயன்படுத்தலாம், வீட்டுக் கருவிகளைத் தொட முடியாது. எங்கள் வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு போட்டேன். வெளியிலிருந்து ரவுட்டரை ஆட்டிப் படைக்கும் வசதியை அணைத்தேன். பொத்தானை அழுத்தினாலே பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே விடும் வசதியையும் அணைத்தேன். பழைய சாஃப்ட்வேரைப் புதுசாக்கினேன். ஒவ்வொன்றும் முடியும்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

கடைசியாக அட்மின் பாஸ்வேர்டு. இங்கேதான் திகைத்து நின்றேன். என் மனதில் வந்ததெல்லாம் அண்ணனுக்கும் தெரிந்த சங்கதி. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், அவனும் என்னை மாதிரியே யோசிப்பான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன்.

"மா, உங்களுக்கு ரொம்பப் புடிச்சது மூணு சொல்லுங்க. ஆனா எங்க யாருக்கும் தெரியாததா இருக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் கூரை மூலையைப் பார்த்தார். "மொதல்ல அந்தக் கண்ண மூடு," என்றார்.

நாற்காலி போட்டு ஏறிக் கேமராவின் வயரைப் பிடுங்கினேன். சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. அம்மா அது அணைந்ததா என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அப்படியும் சத்தமாகச் சொல்லவில்லை. என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னார். ஒன்று சாப்பாடு. ஒன்று ஓர் இடம், கோலா கிளாவாங் பக்கம் உள்ளது. இன்னொன்று ஓர் ஆளின் பேர், அப்பாவின் பேர் இல்லை. நான் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "அடி, டைப் பண்ணு," என்றார். யாரென்று நான் கேட்கவில்லை. அம்மா தமிழில் சொன்னதை இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடித்தேன். மிகவும் வலுவானது என்று ரவுட்டர் பச்சைக் கோடு காட்டியது. அம்மா அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணன் காரோடு வந்தான். கேமரா அணைந்தது தெரிந்து முந்தின நாளே ஓயாமல் போன் அடித்திருந்தான், நான் எடுக்கவில்லை. வாசலிலேயே ஆரம்பித்தான்.

"கேமராவுக்கு என்னாச்சு? ஆப்புல ஒண்ணும் தொறக்க மாட்டுது."

"கேமராவ நான்தான் கழட்டுனேன். ரவுட்டர் பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்."

"யாரக் கேட்டு மாத்துன?"

"வீட்டுக்காரங்களக் கேட்டு. அம்மாவ."

அவன் முகம் சிவந்துபோயிற்று. "நான் மாட்டிக் குடுத்தது அது. நீங்க நல்லா இருக்கணும்னுதானே எல்லாம் செஞ்சேன்? அம்மாவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"நீங்கதான். அதுக்கு நன்றிண்ணே, மனசாரச் சொல்றேன். ஆனா கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறவருக்கு என் வேலைய அறுக்குற உரிமை எங்கேருந்து வந்துச்சு? நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன். இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. நீங்க நெட்ட வெட்டுனாலும் சரி, ரோட்டுல நின்னு கத்துனாலும் சரி."

என் குரல் எங்கேயும் உடையவில்லை.

"மொதல்ல பாஸ்வேர்டச் சொல்லு."

"விருந்தாளிங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, அதத் தரேன். வந்தா, போனா பாவிச்சுக்குங்க."

"நான் விருந்தாளியா?" என்று கத்தினான். "நான் பொறந்த குடும்பம் இது. எங்கம்மா வீடு இது."

"அப்படியா? அப்ப நீங்களே தொறந்துக்குங்க. பாஸ்வேர்டு அம்மா சொன்னது. அம்மாவுக்குப் புடிச்ச மூணு விசயம். ஒங்கம்மாதானே, போடுங்க பாப்போம்."

என்ன தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. (பயப்பட வேண்டாம், அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் அவ்வளவு முட்டாள் இல்லை.) அவன் வீம்போடு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். முதலில் தன் பேரையும் தன் இரண்டு பிள்ளைகள் பேரையும் அடித்தான். தப்பு. தன் பேர், அப்பா பேர், மாதா பேர். தப்பு. பிறகு கொஞ்சம் யோசித்து இட்லி, தோசை என்று வந்தான். அம்மாவுக்கு இட்லி ஆகாது, காலமெல்லாம் எங்களுக்காகத்தான் அவித்தார். அது தப்பு என்று ரவுட்டர் சொல்வதற்கு முன்பே நான் சொல்லியிருப்பேன். கடைசியில் அப்பாவின் மோட்டர் நம்பரைக்கூட அடித்தான், நேராகவும் திருப்பியும். ரவுட்டர் அவனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் திரும்பினான். கத்தவில்லை. சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவிடம் எதையாவது கேட்டு நிற்பானே, அந்தக் குரல்தான் வந்தது.

"சொல்லுங்கம்மா. என்னா அது? ஒங்களுக்கு என்னா புடிக்கும்?"

அம்மா கால்மேல் இருந்த துண்டைச் சரி செய்தார். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"இத்தன வருசத்துல நீ கேட்டதில்லையே ஐயா," என்றார். "இப்ப பாஸ்வேர்டுக்காகவா கேக்குற?"

அம்மா "பசியாறிட்டுப் போ" என்றார். அவன் சாப்பிடாமல் போனான். கார் செம்பனை மரங்களைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறும்வரை அம்மா வாசலைப் பார்த்தபடி இருந்தார். தன் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர்களிடம் அவன் என்ன சொன்னானோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

திங்கள் காலை ஹெட்செட்டை மாட்டினேன். முதல் அழைப்பிலேயே மலாக்காவிலிருந்து ஒருவர் என்னைப் பிடித்துத் திட்டத் தொடங்கினார், துண்டு ஈரமாக இருந்ததாம். லைன் கல்லுப் போல நின்றது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மாதாவிடம் வாய்விட்டு, பேர் சொல்லிச் சொல்லி ஜெபம். அண்ணன் பேர், அண்ணி பேர், என் பேர், அதோடு அன்றைக்கு என் காதில் சொன்ன அந்தப் பேர்.

"அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டார் அந்த மனிதர்.

வேலை விதிப்படி பின்னால் சத்தம் இருக்கக்கூடாது. எழுந்து போய்ச் சொன்னால் அம்மா உடனே நிறுத்திவிடுவார், அவருக்குத்தான் பழக்கமாயிற்றே.

"எங்கம்மா பேசுறாங்க சார்," என்றேன். "நீங்க சொல்லுங்க." கதவைக்கூடச் சாத்தவில்லை.